ஆரோக்கியத்தின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சலேத் மேரி

சலேத் மேரி இறந்த செய்தி, அவரை அடக்கம் செய்த மறுநாள்தான் எனக்கு வந்தது. நம் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவை விட்டு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நானாகவே வெளியேறியவள் நான். ஆகவே யாரையும் குறை சொல்ல வழியில்லை. மாநகராட்சியில் துப்புரவுப் பணி செய்யும் பெண் ஆரோக்கியம், வேலைக்குப் போகும் வழியில் என் வாசலில் நின்று சொன்னார்.

"சலேத்து அக்காவ நேத்து எடுத்துட்டாங்க டீச்சர். நெஞ்சு வலின்னாங்க. கோயில்ல உங்களத் தேடினேன். யாருமே சொல்லலீங்களா?"

யாரும் சொல்லவில்லை. பங்கின் செய்திகளை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் சலேத்துதான்.

பங்கு இதழுக்கு எழுதக் கேட்டிருக்கிறீர்கள். அவருடைய பக்தியைப் பற்றி நீங்களே எழுதிக்கொள்வீர்கள். நான் ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் தரப் பரிசோதனை செய்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். வாரம் ஒரு வீடாகக் கூடிச் செபமாலை சொல்லும் நம் அன்பியத்துக்குப் பொறுப்பேற்றபோது, வீடுகளின் பட்டியலில் ஆரோக்கியத்தின் வீடு மட்டும் இல்லாததைக் கண்டார். கேட்டால், "ரோடு சரியில்லக்கா" என்றார்கள். "இடம் பத்தாதுக்கா" என்றார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்களுக்கு, ஜூஜுவாடிச் சாலைக்குப் பின்னால் இருக்கும் தெரு எட்டவில்லை. சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. நாம் நாகரிகமானவர்கள்.

சலேத் அந்த வீட்டைப் பட்டியலில் சேர்த்து, ஞாயிறு பூசையில் பங்குத்தந்தையையே அறிவிக்கச் செய்தார். பீடத்திலிருந்து சொன்னால் யாரும் மீறமாட்டார்கள் என்று நம்பினார், நானும் ஆமோதித்தேன். கத்தோலிக்கர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. அந்தச் சனிக்கிழமை ஆரோக்கியம் வாடகைக்கு இருபத்தைந்து நாற்காலி எடுத்துத் தெருவில் போட்டு, பாத்திரம் நிறையக் கேசரி கிண்டியிருந்தார். சலேத்தும் நானும் போனோம். வேறு யாரும் வரவில்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவே ஐம்பத்து மூன்று மணிகளையும் சொல்லி முடித்தோம். தெரு வேடிக்கை பார்த்தது.

கிளம்பும்போது ஆரோக்கியம் சொன்னார்: "இனிமே எங்க பேரக் கோயில்ல படிக்க வேணாங்க. யாரும் வராதது எங்களுக்குப் பழக்கந்தான். இப்ப தெருவுக்கே தெரிஞ்சிருச்சு."

அன்றோடு நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். சலேத் மறு சனிக்கிழமை தனியாகப் போய் ஆரோக்கியத்திடம் மன்னிப்புக் கேட்டார். அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனார். அறிவிப்பு கிடையாது. ஞாயிறு பூசை முடிந்ததும் யாராவது ஒருவருடைய கையைப் பிடித்து, "நான் போறேன், துணைக்கு வரியா?" என்பார். ஒன்பது ஆண்டுகளில் நான்கு பேர் போயிருக்கிறார்கள்.

"இந்த வேகத்துல போனா, பரலோக ராஜ்யம் வர்றதுக்குள்ள ஓசூருக்கு மெட்ரோவே வந்துடும் சலேத்து" என்றேன்.

"வரட்டுமேக்கா. ரெண்டுலயும் ஏறிக்கலாம்."

ஒருமுறை கடுமையாகவே கேட்டேன், இப்படிப்பட்ட சபையில் உனக்கு இன்னும் என்ன வேலை என்று. "லைன்ல ரிஜெக்ட் ஜாஸ்தியானா இன்ஸ்பெக்டர் வூட்டுக்குப் போயிட முடியுமா? அன்னிக்குத்தான் ஓவர்டைம்" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "நீங்க படிச்சவங்க. கோவிச்சுக்கிட்டு வெளிய வந்துட்டீங்க. ஆரோக்கியம் எங்கக்கா போவா? அவளுக்கும் அதே கோயில்தானே."

நான் காப்பி போட எழுந்து போனேன். துணைக்கு வரச்சொல்லி அவர் என்னை மட்டும் கேட்டதே இல்லை. ஏன் என்று இனி விசாரிக்க முடியாது.

அவர் இறந்த வாரம், சனிக்கிழமை, ஆரோக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். அந்த நால்வரில் இருவர் பெங்களூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். மற்ற இருவர் வரவில்லை. சிறுவயதில் மனப்பாடமான கிழமை வரிசைப்படி, செபமாலையில் சனிக்கிழமைக்கு உரிய மகிமைத் தேவ இரகசியங்களைத் தொடங்கினேன். "அதப் புதன்கிழமைக்கு மாத்தி ரொம்ப வருசமாச்சு டீச்சர். சனிக்கிழம சந்தோஷம்" என்று ஆரோக்கியம் திருத்தினார். அந்த வாரம் எங்கள் இருவருக்கும் அது எளிதாக இல்லை, சொல்லி முடித்தோம்.

திருச்சபைமீது எனக்கு நம்பிக்கை திரும்பிவிட்டது என்று எழுதமாட்டேன். சலேத் அதை ரிஜெக்ட் செய்திருப்பார். அவருடைய ஒரு வழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். செபம் ஐந்தரைக்கு. அவர் ஐந்து முப்பத்தைந்துக்குத்தான் தொடங்குவாராம். வழியில் யாராவது வந்துகொண்டிருக்கலாம் என்பாராம். நான்கு சனிக்கிழமைகளாக நானும் அந்த ஐந்து நிமிடம் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை யாரும் வரவில்லை. பிறகு ஆரோக்கியம் எழுந்து மெழுகுவர்த்தியைக் கொளுத்துகிறார், தொடங்கிவிடுகிறோம்.