திரையின் மூலை

திருபுவனையில் பஸ் ஏறியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நரைத்த மீசை, தூங்காத கண்கள், கழுத்தில் ஏதோ ஆலையின் அடையாள அட்டை. கேட்காமலே என் செல்போனில் ஓடிய பேய்ப்படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். செத்துப்போனவர்களின் கேமராவில் கிடைத்ததாகச் சொல்லிக்கொள்ளும் படம் அது. எல்லாரும் திரையின் நடுவைப் பார்ப்போம். அவர் மூலைகளையே பார்த்தார்.

"ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்கல பாரு, அதான் பயமா கீது. நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்றார்.

கடைசியில் படமெடுத்தவன் அலறினான். கேமரா விழுந்து திரை இருண்டது.

"உயிருக்குப் பயந்து ஓடுறவன் கேமராவப் பிடிச்சிக்கினா ஓடுவான்?" என்று நான் சலித்துக்கொண்டேன்.

"அது பரவாயில்லபா. அவன் செத்ததும் படம் நின்னுபோச்சு பாரு, அதான் பொய்."

ஆலையில் கேமராக்களைக் கண்காணிப்பதுதான் தன் வேலை என்றார்.

"போன மாசம் எங்க ஆளு ஒருத்தன் மிஷின்ல மாட்டிக்கினான். விசாரணைக்கு வந்தவங்களுக்கு அந்த வீடியோவ நான்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினேன். அவன் போனப்புறமும் அது பாட்டுக்கு ஓடுது. ஃபேன் சுத்துது. மூலையில அவன் சாப்பாட்டுப் பை தொங்கிக்கினே கீது. எங்க நிறுத்தறதுன்னு யாரும் சொல்லல."

பஸ் வில்லியனூரைத் தாண்டியது. படம் எப்போதோ முடிந்திருந்தது. அவர் மட்டும் அந்தக் கறுத்த திரையின் மூலையை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.