நிற்க இடமில்லாத வார்த்தை

லிப்ட் மெக்கானிக்குக்கு வேலை செய்யும் இடம் இரண்டு. பெட்டிக்குள் நின்று பொத்தான்களைக் கழற்றுவது ஒன்று. பெட்டியின் மேல் ஏறி, இருட்டில் இரும்புக் கயிற்றைத் தடவிப் பார்ப்பது மற்றொன்று. பத்தொன்பது வருடமாக அவர் இரண்டுக்கும் போனில் சொன்னது ஒன்றுதான்: "லிப்டுல இருக்கேன்." குரலின் எதிரொலியை வைத்தே மற்றவர்கள் இடத்தைப் புரிந்துகொண்டார்கள்.

சூப்பர்வைசர் ஆவதற்கு அது போதாது. வேலைப் பதிவேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். 'இன்' என்றால் ஆள் உள்ளே, 'ஆன்' என்றால் மேலே. மாற்றி எழுதினால், மேலே ஆள் இருக்கும்போதே யாராவது லிப்டை ஓட்டிவிடுவார்கள். வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தார். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு.

மனைவி ஆரம்பப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை.

"கட்டில் மேல உக்காருங்க. இது ஆன். போர்வைக்குள்ள போங்க. இது இன்."

"உள்ள போனா தூங்கிடுவேன் டீச்சர்."

"தூங்கினா பெயில்."

கல்லூரியிலிருந்து வந்த மகள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவை எதுக்கு பீரோக்குள்ள வச்சிருக்கே?"

"பாடம் நடக்குது. கதவைச் சாத்திட்டுப் போ."

ஒரு வாரத்தில், வீட்டில் அவர் ஏறாததும் நுழையாததும் இல்லை என்றாயிற்று. 'அட் தி எண்ட்' என்றதும் நடையின் கடைசிக்குப் போய்ச் சுவரோடு நின்றார். 'இன் தி எண்ட்'டில்தான் மாட்டிக்கொண்டார்.

"இதுக்கு எங்க போய் நிக்கறது?"

"எங்கயும் நிக்க முடியாதுங்க. என்னென்னமோ பண்ணிப் பாத்து, கடைசியில ஒண்ணு நடக்குமில்ல, அதுக்குச் சொல்றது."

"நிக்க இடமில்லாத வார்த்தைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

தேர்வில் கண்ணாடி போட்ட பெண் அதிகாரி அதையே கேட்டார். 'அட் தி எண்ட்', 'இன் தி எண்ட்', இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மெக்கானிக் நாற்காலியை விட்டு எழுந்தார். போக இடம் தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். பிறகு, உடைந்த ஆங்கிலத்தில், ஆஸ்பத்திரி லிப்ட் ஒன்று நின்றுபோன கதையைச் சொன்னார். நாலு மணி நேரம். பிரேக்கை மாற்றினார், பியூஸை மாற்றினார், ஒயரைத் திட்டினார். இன் தி எண்ட், கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு ஹேர்பின்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரோட ஹேர்பின்?" என்று தமிழிலேயே கேட்டார்.

"தெரியலை மேடம். நர்சுங்க யாரும் ஒத்துக்கலை."

அன்று மாலை, அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மனைவி கேட்டாள்.

"என்னாச்சு?"

"பாஸ்."

மகள் உள்ளிருந்து கைதட்டினாள். அவர் திண்டில் சாய்ந்து, கிரீஸ் கறை ஏறிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே மேல ஏறக் கூடாதாம். கீழ நின்னு எழுதணுமாம்."

"வருத்தமா?"

"முட்டிக்குச் சந்தோஷம்" என்றார். "மத்ததைக் கேட்டுச் சொல்றேன்."