காற்றில்லாத நாளில் ஆடிய தண்ணீர்

திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு அடுத்த வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. துறைமுகத்தில் ஆழம் அளக்கிற பகுதியில் வேலை. கரையோரம் அங்குலக் கோடு போட்ட கம்பம் ஒன்று நட்டிருந்தார்கள். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கொப்பியில் எழுத வேண்டும். அதை வைத்துத்தான் ஆழக் கணக்கைத் திருத்துவார்கள். அது பிழையானால் கப்பல் தரை தட்டும்.

காலையில் மூதூரிலிருந்து வரும் ஒருவர் எழுதுவார், மத்தியானத்துக்குப் பிறகு நான். அவர் ஐந்தாம் வகுப்பு. நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தவன். ஆனால் எங்கள் வெள்ளைக்காரத் துரை தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவரிடம்தான் கொடுத்தார். எனக்குச் சுவர் மணிக்கூடு. அவர் அந்தக் கைக்கடிகாரத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் துரை கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். காலைக் கணக்கில் தண்ணீர் இரண்டு அங்குலம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். என் கணக்கோ வழுவழுவென்று ஒரே சீராக இருந்தது. இதில் எது பொய் என்று கேட்டார்.

உண்மையில் நான் மணித்தியாலத்துக்கு ஒருதரம்தான் கம்பத்தைப் பார்ப்பேன். நடுவில் உள்ளதைக் கதிரையில் இருந்தபடியே நிரப்பிவிடுவேன். மூதூர்க்காரரும் அப்படித்தான் செய்கிறார், ஒழுங்காகப் பொய் எழுதத் தெரியவில்லை என்றே நினைத்தேன். அந்தக் கடிகாரமும் கண்ணுக்குள் நின்றது. "அவர் பார்க்காமல் எழுதுகிறார்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே அவரை நிறுத்திவிட்டார்கள். கடிகாரம் என் கைக்கு வந்தது.

மறுநாள் முழுவதும் நான்தான். துரை எந்த நேரமும் வருவார் என்ற பயத்தில் முதல்முறையாகக் கம்பத்தடியிலேயே இருந்தேன். காற்றில்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு படகுகூட ஓடவில்லை. ஆனால் கோடு மெல்ல மூழ்கியது. கொஞ்சநேரத்தில் வெளியே வந்தது. மறுபடி மூழ்கியது. பின்னேரம் வரைக்கும் அப்படியே. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். இதை எனக்கு முன்னமே கண்டுவிட்டாரே!

பிறகுதான் அவருடைய வீட்டில் அரிசிக்கு என்ன செய்வார்கள் என்ற நினைப்பு வந்தது. துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் பக்கங்களுக்குக் குறுக்கே கோடு கோடாகக் கீறினார். அத்தனை ஆழமும் திரும்ப அளக்க வேண்டும். பிறகு தண்ணீர் நிறைந்த பேசின் ஒன்றை ஒருதரம் தள்ளிக் காட்டினார். கையை எடுத்த பிறகும் தண்ணீர் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்தது. வெளிக்கடல் அலை வாசலில் நின்று தள்ளினால் துறைமுகமும் இப்படித்தான் ஆடுமாம். நீயே போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

மறுநாள் நான் மூதூருக்குப் போனபோது அவர் விறகு கொத்திக்கொண்டிருந்தார்.

"உங்களைப் பற்றித் துரையிட்டச் சொன்னது நான்தான்" என்றேன்.

"ஓம், தெரியும்."

"தண்ணி ஆடுறது உண்மை. நேற்று நானும் கண்டனான்."

அவர் கோடரியைக் கீழே வைத்தார். "நீங்கள் கம்பத்தைப் பார்க்கிறேல்லை எண்டு எனக்கு எப்பவோ தெரியும். துரை என்னட்டயும் கேட்டவர். நான் கண்டதைத்தான் எழுதினனான் எண்டு மட்டும் சொன்னனான். உங்களுக்கும் வேலை வேணும்தானே."

அடுத்த நாள் அவர் வேலைக்கு வந்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாக ஒரு வருஷத்துக்கு மேல் வேலை செய்தோம், அவர் இதைப் பற்றி ஒரு கதையும் எடுக்கவில்லை. எத்தனையோ பேரில் பட்ட பொறாமையெல்லாம் வயதோடு போய்விட்டது, ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு சொல் போதுமாயிருந்தும் அதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போன அந்த மனிதரில் இன்றைக்கும் எனக்குப் பொறாமைதான்.