மருந்தைத் தேடுவதற்கு முன்

டாக்டர் ஆயிஷா தவறிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் காலைப் பசியாறிக்கொண்டிருந்தேன். கோலசிலாங்கூரில் அவர் நடத்திய கிளினிக்கில் பெயர் பதியும் லெட்சுமி போனில் அழுதாள். பிறகு, "டாக்டர், வெளிய ஆளுங்க நிக்கிறாங்க. தெறக்கவா வேணாமா?" என்று கேட்டாள். இன்றைக்கு வேண்டாம் என்றேன். ஜனாஸா தொழுகைக்கும் அடக்கத்துக்கும் போய் வந்த பிறகும் திறக்கவில்லை. நான் ஓய்வு பெற்றபின் அவருக்கு உதவி டாக்டராக உட்கார்ந்தவன். தனியாக உட்காரத் தைரியம் போதவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் கைப்பேசி நினைவிருக்கும். எந்தத் தொற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக் என்று சொல்லும் வழிகாட்டி அதில் இருந்தது. நோயாளியின் எதிரிலேயே திறப்பார். சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வந்த மண்டோர் ஒருவர், தோட்டத்துக் கங்காணி, "என்னா டாக்டர், படிச்சதெல்லாம் மறந்துபோச்சா? போன்ல தேடுறீங்க லா!" என்று சிரித்தார்.

"மறந்தா பரவால்லண்ணே, பாத்துக்கலாம். தப்பா ஞாபகம் இருந்தாதான் வம்பு."

சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று இருந்த பக்கத்தை ஆயிஷா அவருக்கே காட்டினார். மண்டோர் முணுமுணுத்தபடி போனார்.

சுங்கை புரோங் நெல்வயல் பக்கமிருந்து ஒருவர் காய்ச்சலோடு வந்த நாளை மறக்க முடியாது. தொண்டை சிவந்திருந்தது. ஆயிஷா தொண்டைத் தொற்றுப் பக்கத்தைத் திறந்தார். மருந்தும் அளவும் வந்துவிட்டன. எழுதப் போனவர் நிறுத்தி, "அண்ணே, தொண்டைதான் ரொம்ப வலிக்குதா?" என்றார்.

"தொண்டையா? கெண்டக்கால்தான் டாக்டர் உயிர் போவுது. வயல் தண்ணியிலதான நிக்கிறோம்."

வயல் தண்ணீரில் கலக்கும் எலி மூத்திரத்தால் வரும் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று ஆயிஷா உடனே மருத்துவமனைக்கு அனுப்பினார். அதுதான் என்று உறுதியானது; நோயாளி பிழைத்தார். "மருந்து எதுன்னு இந்தப் போன் சொல்லும் டாக்டர். நோயி எதுன்னு நாமதான் சொல்லணும்," என்றார் ஆயிஷா என்னிடம். அன்றிலிருந்து நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லி, "சரியா வருதா?" என்று கேட்காமல் கைப்பேசியைத் தொடமாட்டார்.

சில நாள் கழித்து ஒருவழியாகக் கிளினிக்கைத் திறந்தேன். முதலில் வந்த பெண்ணுக்குச் சிறுநீர் எரிச்சல். கைப்பேசியில் பழகிய பக்கத்துக்கு விரல் ஓடியது. விரலை எடுத்துவிட்டு, "மூத்திரப்பையில கிருமின்னு நெனைக்கிறேம்மா. சரியா வருதா?" என்றேன்.

"அது மட்டும் இல்ல டாக்டர். நேத்துலேருந்து குளிர்காய்ச்சல், விலாப் பக்கம் குத்துது."

கிருமி சிறுநீரகம் வரை போயிருக்கலாம். நான் திறக்க இருந்த பக்கம் அவருக்கானதே அல்ல.

இன்னும் என்மேல் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆயிஷாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதைக் கேட்க நம்பிக்கை தேவைப்படவில்லை.