ஆணி அடிக்காத மேசை

என் அப்பா தச்சர் அல்ல. குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இழைப்புளியும் கையுமாகத் தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டு முக்காலி அவர் செய்ததுதான். அது கொஞ்சம் ஆடும். அதில் விருந்தாளிகளை உட்கார வைக்க அம்மா விடமாட்டாள்.

அப்படிப்பட்டவர் அக்காவுக்கு மேசை செய்யப் போவதாக அறிவித்தபோது நான்தான் முதலில் சிரித்தேன். அக்கா பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தாள். ஊரிலிருந்து வந்து தாம்பரத்தில் வீடு கட்டியவர்கள் அல்ல நாங்கள். தாம்பரமே எங்கள் ஊர். நிலத்தை மனை போட்டு விற்ற குடும்பத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தோடு நிற்பதுதான் வழக்கம். அக்கா மட்டும் ரயிலேறிப் போய்ப் பட்டணத்துக் கல்லூரியில் கணிதம் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இடமும் கிடைத்துவிட்டது. அதுவரை அரிசி டிரம்மின் மேல் நோட்டை வைத்துப் படித்தவள், இனி மேசையில்தான் படிக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

மரம் பல்லாவரத்தில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து வந்தது. நல்ல தேக்கு. ஆனால் அது வாசற்கால். அம்மா அதைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எத்தனை வருஷம் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்ட மரமோ, அதில் மேசை செய்து அடியில் காலை நீட்டிக்கொண்டு படித்தால் லட்சுமி தங்குவாளா என்று கேட்டாள். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ரம்பம் படுவதற்கு முன் மரத்துக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினாள். பொட்டு இருந்த பக்கத்தை அப்பா மேசைப்பலகையின் மேல்பக்கமாக வைத்துக்கொண்டார்.

மேசை சீக்கிரமே நின்றது. ஆடவும் இல்லை. வம்பு செய்தது இழுப்பறைதான். அப்பாவின் அதிகாரி அறையில் வெள்ளைக்காரன் காலத்து மேசை ஒன்று உண்டாம். அதன் இழுப்பறையில் ஓர் ஆணிகூடக் கிடையாதாம். பக்கவாட்டுப் பலகையின் நுனியில் புறா வாலைப் போல விரிந்த பற்கள். முன்பலகையில் அவற்றுக்கு ஏற்ற பள்ளங்கள். இரண்டையும் கோத்துத் தட்டிவிட்டால் பிறகு இழுத்தாலும் பிரியாது. அதிகாரி விடுப்பில் இருந்த நாளில் அப்பா அந்த இழுப்பறையை உருவி, தரையில் உட்கார்ந்து, காகிதத்தில் வரைந்துகொண்டு வந்திருந்தார். அன்று பிடித்தது பைத்தியம்.

உளியால் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கினார். கோத்துப் பார்ப்பார். ஒரு மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் பலகை வெந்நீர் அடுப்புக்குப் போய்விடும். லட்சுமியை எரிக்கிறார் என்று அம்மா புலம்புவாள். கல்லூரி திறப்பதற்குள் முடித்துவிடுவாரா என்று அக்கா தினமும் கொட்டகையை எட்டிப் பார்ப்பாள். இவருக்கு ஆபீஸில் வேலையே இல்லையா என்று நான் கேட்பேன்.

அந்தச் சமயத்தில்தான் பம்மலிலிருந்து பெரியப்பா வந்தார். செங்கல், ஜல்லி வியாபாரம் செய்தவர். அப்பாவுக்கு அண்ணன் மட்டுமல்ல, தகப்பன் இல்லாத வீட்டில் தகப்பனாக இருந்தவர். அவர் பேசும்போது அப்பா குறுக்கே பேசி நான் பார்த்ததே இல்லை. குன்றத்தூரில் அரிசி மண்டி வைத்திருக்கும் குடும்பம், ஒரே பையன், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள் என்றார். "பொண்ணு என்னா கலெக்டர் ஆவப் போவுதா? நல்ல எடம் தானா வந்து நிக்குது" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். அப்பா தலையை ஆட்டினார். அது சம்மதமா, வெறும் ஆட்டலா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. அப்பா வெள்ளைச் சட்டையில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பிறகு ஆளைக் காணோம். நான் கேசரிக் கிண்ணத்தோடு தோட்டத்துப் பக்கம் போனால், கொட்டகையில் அதே வெள்ளைச் சட்டையோடு இழுப்பறையின் கடைசிப் பக்கத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் பட்டுப்புடவையோடு அக்கா வந்தாள். என்னை அவள் கவனிக்கவே இல்லை.

"அப்பா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்பா. காலேஜ் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லுங்க. நான் சொன்னா பெரியப்பா காதுல ஏறாது."

"சொல்றம்மா. இந்த ஒரு பல்லு மட்டும் முடிச்சிட்டு வந்துடறேன்."

அக்கா நின்றாள். உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரியம்மா வந்து அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

எனக்கு இன்றும் மனசு ஆறாதது இந்த இடத்தில்தான். கொட்டகைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சமையலறை, அவ்வளவுதான். அப்பா அதைத் தாண்டவில்லை.

"டேய் தம்பி! இன்னாடா பண்ணிக்கினு கீற அங்க? தட்டு மாத்தியாச்சு, வா இப்டி" என்று உள்ளிருந்து பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டார். வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றிக்கொண்டால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று பொருள். அண்ணன் இருக்கும் வீட்டில் தம்பி அந்தத் தட்டைத் தொடுவதில்லை. பெரியப்பாவே கொடுத்து வாங்கிவிட்டார். அப்பாவின் உளி தடம் மாறியது. பல்லின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய் அண்ணனுக்குப் பின்னால் நின்றார்.

அக்கா எல்லோரையும் விழுந்து கும்பிட்டாள். அழுதாள். புருஷன் வீட்டுக்குப் போகப் போகிற பெண்கள் அழுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் கவலைப்படவில்லை. அந்த மேசை இனி எனக்குத்தான் என்ற கணக்குப் போட்டுச் சந்தோஷமாகவே இருந்தேன்.

மேசை எனக்கே வந்தது. அக்கா தலை தீபாவளிக்கு வந்தபோது அதன்முன் உட்கார்ந்தாள். இழுப்பறையை மெதுவாக இழுத்து, பற்களின் மேல் விரலை ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. மற்றதெல்லாம் ஒட்டி வளர்ந்தது போலச் சேர்ந்திருக்க, அந்த ஒரு பல்லின் ஓரத்தில் மட்டும் இடைவெளி.

"அழகா வந்திருக்குப்பா" என்றாள், அறை வாசலில் நின்றிருந்த அப்பாவிடம்.

"எங்க அழகா வந்திருக்குக்கா? அங்க பாரு ஓட்டை" என்றேன் நான். "மரம் மிச்சம் கெடக்குது. வேற பலகை போடுங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. போடவே மாட்டேங்குறாரு."

அப்பா கொல்லைப்பக்கம் போனார். அக்கா இழுப்பறையை உள்ளே தள்ளி மூடினாள்.

மயிரிழை இடைவெளிக்கெல்லாம் பலகையை அடுப்பில் போட்ட மனுஷன், இதை மட்டும் மரத்தூளும் பசையும் வைத்துக்கூட அடைக்கவில்லை. அதற்குப் பிறகு உளியையும் தொடவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டால் அப்பாக்களுக்கு இப்படித்தான் சோம்பல் வந்துவிடும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, அக்கா எழுந்து போன நாற்காலியில் உட்கார்ந்து என் கணக்கு நோட்டைப் பிரித்தேன்.