கூட்டம் பின்னால் வருகிறது

பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் நான் ஓட ஆரம்பித்தேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னபோது, மன்னார்குடியில் எல்லாரும் செய்வதுபோல் பெரிய குளத்தைச் சுற்றி நடக்கப் போனேன். இரண்டாம் நாளே தெரிந்த அம்மாள் ஒருவர் கூடச் சேர்ந்துகொண்டார். நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறவள். தெருவில் பாதிப் பெண்களின் அளவு எனக்கு மனப்பாடம். அவர்களிடம் என்ன பேசுவதென்றுதான் தெரியாது. தைக்கக் கொடுக்க வந்தால் அளவு நாடாவை வாயில் கவ்விக்கொண்டு சமாளித்துவிடலாம். குளக்கரையில் அப்படி நடக்க முடியாது. ஒருநாள் பின்னாலிருந்து என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது. காதில் விழாததுபோல் கொஞ்ச தூரம் ஓடினேன். குரல் நின்றுபோனது. விஷயம் அப்போதுதான் பிடிபட்டது. நடந்தால் யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். நாற்பத்தெட்டு வயதில் சுடிதாரும் ஷூவுமாக ஓடினால் ஒருவரும் சேரமாட்டார்கள்.

அதன்பிறகு குளக்கரையை விட்டு வாய்க்கால் கரைக்கு மாறினேன். கொக்குகள் எதையும் விசாரிப்பதில்லை. கரை நீண்டுகொண்டே போனது, நானும் போனேன். இரண்டு வருஷத்தில் முழு மாரத்தான் ஓடலாம் என்ற துணிச்சல் வந்துவிட்டது.

தஞ்சாவூரில் தை மாதம் ஒரு மாரத்தான் நடத்துகிறார்கள். டவுனில் புறப்பட்டு, ஆற்றங்கரை ஊர்களையெல்லாம் சுற்றிக்கொண்டு மறுபடி டவுனுக்கே வர வேண்டும். ஆறரை மணி நேரத்துக்குள் வராதவர்களை ஒரு வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். முதல் தடவை ஓடியபோது நான் அந்த வேனில்தான் வந்தேன், தண்ணீர் கேன்களுக்கும் மிச்சமான வாழைத்தார்களுக்கும் நடுவில் உட்கார்ந்து. ஓட்டம் முடியும் அலங்கார வளைவருகே ஸ்கூட்டியோடு காத்திருந்த என் வீட்டுக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்து, "தாரு பழுத்துடுச்சே" என்றார்.

ஓட முடியாமல் வேன் ஏறியிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. நான் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். முக்கால் தூரம் தாண்டியதும் வருகிற ஒரு ஊரில் என் மாமனாருடைய தம்பி மனைவி இருக்கிறார். சின்ன அத்தை. அவர் ரோட்டிலேயே நின்றார். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பேத்தியின் கல்யாணப் பத்திரிகை.

"மன்னார்குடிக்கு வந்து வைக்கணும்னு இருந்தேன். நீயே வாசலுக்கு வந்துட்ட" என்றார்.

"குடுங்க அத்தை" என்று கை நீட்டினேன்.

"நின்னுகிட்டா வாங்குவ? அதுவும் காலணியோட?"

உள்ளே போய், ஷூவைக் கழற்றி, பாயில் உட்கார்ந்து, பத்திரிகை வாங்கி, குங்குமம் இட்டுக்கொண்டு, பால் குடித்து, மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுந்தபோது, கால் வீங்கியிருந்தது. ஷூவுக்குள் திரும்பப் போகவே மாட்டேன் என்றது. சின்ன அத்தையும் அவருடைய மருமகளும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு திணித்துப் பார்த்தார்கள். அதற்குள் வேன் வந்துவிட்டது.

இந்த வருஷம் அந்த வளைவுக்குள் என் காலால் போய்விட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பொங்கலுக்கு முன்னால் சின்ன அத்தை போன் செய்தார்.

"இந்த வருஷமும் எங்க தெரு வழியாத்தானே ஓட்டம்?"

"ஆமா அத்தை."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார். அந்த 'அப்ப சரி'யில் இட்லி மாவு புளிக்கும் வாசனையே வந்தது.

தப்பிக்க வழி சொன்னவர் என் வீட்டுக்காரர்தான். உரக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசி எதற்கும் ஒரு மருந்து சொல்லிவிடுவார். "பேஸ் குரூப்புன்னு ஒண்ணு இருக்காம். ஒருத்தர் கொடி பிடிச்சிகிட்டு ஒரே வேகத்துல ஓடுவாராம். கொடியில ஆறு மணி நேரம்னு போட்டிருந்தா ஆறு மணி நேரத்துல கொண்டுபோய் விட்டுடுவாராம். நீ நடுவுல பூந்துக்க. கூட்டத்தோட கூட்டமா போனா சித்தி எங்க கண்டுபிடிக்கப் போகுது?"

"கூட்டமா?" என்றேன்.

"கல்யாண வீட்டுலயே தூணுக்குப் பின்னால பந்தி தேடுற ஆளு நீ. தெரியும். ஆனா யோசிச்சுப் பாரு. இருபது பேரா, சித்தியா?"

நல்ல கேள்வி. ஒரு வாரம் தையல் மிஷினில் உட்கார்ந்து அதையே யோசித்தேன். ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையும் இடது கையாகவே தைத்துவிட்டேன்.

பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூருக்கு அவர்களுடைய பயிற்சி ஓட்டத்துக்குப் போனேன். கொடி பிடிக்கிறவர் நன்னிலம் பக்கத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். ஓடுவதற்கு முன்னால் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து, ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினேன். வட்டம் ஒரு சுற்று முடியும்வரை கட்டினேன். நிமிர்ந்தபோது மாஸ்டர், "அக்காவுக்கு ஒரு கைதட்டு குடுங்க. கயிறு இனிமே அவுறாது" என்றார்.

ஓடும்போது பக்கத்தில் ஒரு பாய் வந்தார். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து பாத்திரக்கடை வைத்திருக்கிறாராம். பீரோ மாதிரி உருவம். வழி முழுக்கப் பேசினார். கொஞ்ச நேரத்தில் ஒன்று கவனித்தேன், அவர் பதிலுக்கு நிற்பதே இல்லை. மூச்சு வாங்குவதற்கு மட்டும் நிறுத்துகிறார். இவரோடு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றியது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லுக்கும் எல்லாருமாகச் சேர்ந்து "சூப்பரு" என்று கத்துகிறார்கள். தெருவில் சாணி தெளிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அதுதான் எனக்கு ஆகவில்லை.

முடிந்ததும் மாஸ்டர் கேட்டார். "அக்கா, நம்ம குரூப்புல வந்துடறீங்களா?"

"பாக்குறேன் சார்."

"நானும் இந்தப் பக்கத்து ஆளுதாங்க்கா. பாக்குறேன்னா வரமாட்டேன்னு அர்த்தம்."

எனக்கே தெரியாததை அவர் சொல்லிவிட்டார்.

மாரத்தான் அன்று விடியும் முன்பே புறப்பட்டோம். நான் ஒரு நடுவழி கண்டுபிடித்திருந்தேன். கூட்டத்தில் சேராமல், கொடியைப் பார்த்துக்கொண்டு பத்தடி பின்னாலேயே ஓடுவது. யாரோ வீட்டுக் கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் போகிற மாதிரி. விளக்கு வெளிச்சம் நமக்கும் விழும், மொய் எழுத வேண்டியதில்லை. வெகுதூரம் அப்படியே போனது. ஒரு ஊரில் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் கொடியைப் பார்த்துவிட்டு, "ஆறு மணிக்கு எங்கப்பா கூட்டம்?" என்று கேட்டார். இன்னொரு ஊரில், எந்தக் கட்சி என்று கேட்டார்கள். மாஸ்டர் எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே ஓடினார்.

வெயில் ஏறியதும் பத்தடியை நானாகவே குறைத்துக்கொண்டேன். சின்ன அத்தை ஊர் எல்லைக்கல் தெரிந்தபோது நான் நட்டநடுவில் இருந்தேன்.

"பாய்" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை. "கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து ஓடுறீங்களா?"

"வெயிலாம்மா?"

"சொந்தக்காரங்க."

பாய் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. உடனே என் வலது பக்கம் வந்து தெருவை மறைத்துக்கொண்டார். "துபாய்ல நான் இருந்த ரூமுக்கு ஊர்க்காரன் ஒருத்தன் வருவாம்மா. அவன் வந்தா நான் கட்டிலுக்கு அடியில" என்றார்.

நாங்கள் போட்ட கணக்கில் நெல் வரவில்லை. அறுவடைக் காலம். தார் ரோட்டில் பாதியகலத்துக்கு நெல்லைக் கொட்டிக் காயப் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் யாரும் ஷூ காலால் நெல்லை மிதிக்கமாட்டார்கள், மாரத்தான் என்றாலும். இருபது பேரும் தானாக ஒற்றை வரிசையானோம். அந்த ஒற்றை வரிசை எங்கே போய் முடிந்ததென்றால், மோர்ப் பானை, தூக்குவாளி, வாழையிலை நறுக்குகளோடு ஒரு பெஞ்சு போட்டு, ரோட்டை அடைத்துக்கொண்டு நின்ற சின்ன அத்தையிடம்.

"என் மருமக வர்ற கூட்டம் இதுதானே? எல்லாரும் வாங்க, வாங்க. வெயில்ல எதுக்கு ஓடறீங்க?"

யார் வந்தாலும் நிற்கமாட்டேன், தன் மாமனாரே வந்தாலும் நிற்கமாட்டேன் என்று காலையில் சொன்னவர் மாஸ்டர். இப்போது நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு, "அம்மா, நேரம் ஆயிடும்மா" என்றார்.

"ஒரு வாய் மோருதானே தம்பி. எந்த ஊரு?"

"நன்னிலம் பக்கம்."

"நன்னிலத்துல யார் வீடு?"

மாஸ்டர் குதிப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அவர்மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது. யார் வீடு என்ற கேள்வியைச் சின்ன அத்தை எடுத்துவிட்டால், ஏதாவது ஒரு உறவுமுறை கண்டுபிடிக்காமல் கீழே வைக்கமாட்டார். அப்பா பேர், அப்பாவைப் பெற்றவர் பேர், அம்மா பிறந்த ஊர், அந்த ஊரில் மேலத் தெருவா கீழத் தெருவா. குறைந்தது மூன்று தலைமுறை போக வேண்டும். வரிசை அப்படியே நின்றது. ஒவ்வொரு கையிலும் ஒரு டம்ளர் வந்தது. மாஸ்டர் கையிலிருந்த கொடியை வாங்கிச் சின்ன அத்தையின் மருமகள் மோர்ப் பானைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

சின்ன அத்தையின் கண் வரிசையை அளந்துகொண்டே வந்தது. எனக்கு முன்னால் பாய். பாய்க்கு இந்தப் பக்கம் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்றது. அதற்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற அளவு மண்பாதை.

கூட்டத்தில் சேர்ந்ததே இவரிடமிருந்து தப்பிக்க. கூட்டமே இவரிடம் மாட்டிக்கொண்டபிறகு நான் கூட்டத்தோடு இருப்பதா வேண்டாமா? வாரக்கணக்கில் யோசித்த விஷயத்துக்கு அங்கே ஒரு மூச்சுவிடும் நேரத்தில் விடை கிடைத்தது. பாய் திரும்பிப் பார்க்காமலே தன் அகலத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக்கி நின்றார்.

டிராக்டரைச் சுற்றி ரோட்டில் ஏறியபோது பின்னால், "உங்க அப்பாயி பொறந்தது எங்க ஊரா?" என்று சின்ன அத்தையின் குரல் உயர்ந்தது. மாஸ்டர் மாட்டிக்கொண்டார்.

அதன்பிறகு ரோட்டில் நானும் வரப்பு ஓரக் கொக்குகளும்தான். யாரும் சூப்பரு சொல்லவில்லை. ஆனாலும் ஒரு வேடிக்கை. கொடி போய்விட்டது, அதன் வேகம் காலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மிஷின் பெடலை மிதிப்பதுபோல் ஒரே தாளம். கால் எரிந்தது, இடுப்பு கனத்தது. நடந்துவிடலாமா என்று தோன்றியபோதெல்லாம் ஒரு வாழைத்தாரை நினைத்துக்கொண்டேன்.

டவுனுக்குள் நுழையும் பாலத்தில் பின்னாலிருந்து மெலிதாக "சூப்பரு" என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் கொடி. இழந்த நேரத்தைப் பிடிக்க மாஸ்டர் அவர்களை விரட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கூட்டம் என்னைப் பிடித்துவிடக் கூடாது. பிடித்தால் எப்படி அக்கா நழுவினீர்கள் என்று இருபது பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். குளக்கரையில் முதல்நாள் ஓடியதைவிட வேகமாக ஓடினேன்.

வளைவுக்குள் நான் போனபோது மேலே இருந்த கடிகாரத்தில் நேரம் மிச்சம் இருந்தது. ஒரு பெண் கழுத்தில் பதக்கத்தைப் போட்டாள். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் வேன் நிற்கும் இடத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் போய்த் தோளைத் தட்டினேன்.

பதக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கூட்டத்தோடதானே வந்த?"

"கூட்டம் பின்னால வருது" என்றேன்.

நேரம் முடிய இருக்கும்போது எல்லாரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். மாஸ்டரின் பனியனில் மிளகாய்ப் பொடி எண்ணெய் ஒரு தீவுபோல் படிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "உங்க சின்ன அத்தை எனக்கு ஒண்ணுவிட்ட பெரியம்மா முறையாம்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மரநிழலில் படுத்துவிட்டார்.

பாய் கடைசியாக என்னிடம் வந்தார். இடுப்புப் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். ரோடு முழுக்கச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். நான்கு இட்லி, பொடி, நல்லெண்ணெய்.

"டிராக்டருக்கு அந்தாண்ட போனாளே, அவகிட்ட குடுத்துடுங்கன்னாங்க."

"வேற ஏதாவது சொன்னாங்களா பாய்?"

"எழவு வீட்டுலேருந்து போற மாதிரி சொல்லிக்காம போறா, போகட்டும். அடுத்த வருஷம் டிராக்டரைத் தள்ளி நிறுத்தச் சொல்றேன்னாங்க."

வளைவுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து இட்லியைப் பிரித்தேன். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன். இனி அது காலுக்குள் போனால் என்ன, போகாவிட்டால் என்ன.