நெல்லறைக்குள் நிற்காத தீ

எங்கள் தாலுகா எந்த மாநிலத்தோடு சேர வேண்டும் என்று ஊர்வலமும் தடியடியுமாக இருந்த காலம். அண்ணன் ஊர்வலத்தில் அடிபட்டு மண்டை உடைந்து வந்த மறுநாள், குளத்தூரில் எங்கள் தெருவே போலீசுக்குப் பயந்து உறவுக்காரர் வீடுகளுக்கு ஓடிவிட்டது. அவனால் நடக்க முடியாததால் நானும் அம்மாவும் தங்கினோம். முன்கதவை வெளியே பூட்டி, பின்வழியாக உள்ளே வந்து, ஆளில்லாத வீடு போல மூச்சுக் காட்டாமல் இருந்தோம்.

அவனை நெல்லறையில் படுக்க வைத்திருந்தோம். எலி புகாதபடி பலகைகளை இறுக்கிச் சேர்த்த சின்ன அறை. காயத்தைக் கழுவ வெந்நீர் வேண்டும். விறகடுப்பை மூட்டினால் ஓட்டுக்கு மேல் புகை தெரியும். பம்ப் ஸ்டவ்வில் புகை இல்லை, ஆனால் அதன் இரைச்சல் ஊரைக் கூட்டிவிடும். அதனால் அதையும் நெல்லறைக்குள் கொண்டுபோய்க் கதவை அடைத்தோம். பெரிய புத்திசாலிகள்! கதவிடுக்கில் சாக்கு வேறு திணித்தோம்.

ஸ்டவ் பற்றும், நீலமாக எரியும், கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிச் சோர்ந்து அணையும். ஸ்டவ் ஊசியால் குத்தி அடைப்பெடுத்தேன். பம்பைக் கழற்றித் தோல் வாஷருக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன். மறுபடியும் அணைந்தது. ரோட்டில் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் போலீஸ் லாரியோ என்று கையை நிறுத்திக் காது கொடுத்தேன். தலை கனத்தது. பயத்தில்தான் என்று நினைத்தேன்.

“மண்ணெண்ணெயில வெள்ளம் கலந்திருக்கு மக்கா, அதாக்கும்” என்றாள் அம்மா.

எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க இருவரும் ஸ்டவ்வை அடுக்களைக்குக் கொண்டுவந்தோம். அண்ணன் தூங்கட்டும் என்று கதவை மறுபடி சாத்தினோம். எண்ணெயை மாற்றவில்லை, எதையும் தொடவில்லை. சத்தம் வந்தாலும் ஒரு நிமிடம்தானே என்று பற்ற வைத்ததும் சீறிக்கொண்டு எரிந்தது. அணையவே இல்லை.

அம்மா தீயைப் பார்த்தாள். பிறகு நெல்லறைக் கதவைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தீக்கே காற்றுப் போதாத இடத்தில் அவன் கிடக்கிறான்.

கதவைத் திறந்து கூப்பிட்டோம். பதில் இல்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பின்முற்றத்துக்கு இழுத்து வந்தோம். “எலே, கண்ணத் தொற! எலே!” என்று அம்மா அவன் கன்னத்தில் அறைந்தாள். போய்விட்டான் என்றே நினைத்தேன். அப்போது இருமினான், வாந்தி எடுத்தான்.

அடுக்களையில் ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது. அதை அணைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. ரோட்டில் லாரி நின்றது. அவனை உள்ளே இழுக்க நான் கால்களைப் பிடித்தேன்.

அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். “போலீசு கொண்டு போனா போட்டு. அவன் மூச்சு விடட்டு” என்று சொல்லி, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பூட்ஸ் சத்தம் வந்த பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.